கூண்டின் அளவும் சட்டத்தின் அளவும்

பண்ணை விலங்குகளுக்கான சட்டம் ஒன்றின் தரத்தை அதன் முகவுரையைப் படித்துத் தீர்மானிக்க முடியாது. கருணை, கண்ணியம், ஐந்து சுதந்திரங்கள் (பசி, அசௌகரியம், நோய், அச்சம் ஆகியவற்றிலிருந்து விடுதலையும் இயல்பான நடத்தைக்கான சுதந்திரமும்) ஆகிய சொற்கள் இன்று பல நாட்டு ஆவணங்களில் இடம்பிடித்துவிட்டன. அவற்றை மறுத்துப் பேசுவோர் எவருமில்லை. ஒரு குறிப்பிட்ட கூண்டைக் காட்டி ‘இது கூடாது’ என்று அந்தச் சட்டத்தால் சொல்ல முடிகிறதா, முடிந்தால் அதற்கான காரணத்தை அந்த விலங்கின் உடம்பிலிருந்தே எடுத்துக்காட்ட முடிகிறதா? இந்த இரு கேள்விகளில்தான் சட்டத்தின் பெறுமதி தெரியவரும். முட்டைக்கோழியின் கம்பிக் கூண்டை மையமாக வைத்து மூன்று பிரதிகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்: இந்தியாவின் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம், ஜெர்மனியின் அரசியல்சாசன நீதிமன்றம் 1999இல் வழங்கிய தீர்ப்பு, முட்டைக்கோழிகளுக்காக இந்தியா 2023இல் வகுத்த விதிகள்.

1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிறப்பில் ருக்மிணி தேவி அருண்டேலின் பங்கு அறிந்த செய்தி. மாநிலங்களவையில் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவை, அரசே சட்டம் கொண்டுவரும் என்ற நேருவின் உறுதிமொழியை நம்பி அவர் திரும்பப் பெற்றார். அப்படி வந்த சட்டம், அதன் காலத்தை வைத்துப் பார்த்தால், வியக்கத்தக்க அளவு பரந்த மனம் கொண்டது. மனிதர் நீங்கலாக உயிருள்ள எதுவும் அதில் ‘விலங்கு’தான். கோழிக்கு விலக்கு இல்லை. பண்ணைக்கும் பொதுவிலக்கு இல்லை. 11ஆம் பிரிவில் கூண்டைப் பற்றிய உட்பிரிவு ஒன்று உண்டு. நடமாட்டத்துக்கு நியாயமான வாய்ப்பளிக்கும் அளவுக்கு உயரம், நீளம், அகலம் இல்லாத கூண்டில் எந்த விலங்கையும் அடைத்து வைப்பது குற்றம் என்கிறது அது. தொழில்முறைக் கோழிப் பண்ணை இந்தியாவில் வேரூன்றுவதற்கு முன்பே எழுதப்பட்ட வாக்கியம். ஐரோப்பாவில் ‘பேட்டரி’ எனப்படும் இந்த வரிசைக் கம்பிக் கூண்டுகளைப் பொதுவிவாதமாக்கிய ரூத் ஹாரிசனின் ‘அனிமல் மெஷின்ஸ்’ வெளிவந்தது 1964இல். அதையொட்டி பிரிட்டனில் அமைந்த பிராம்பெல் குழு அறிக்கை தந்தது 1965இல். நம் சட்டமியற்றியவர்கள் அந்த விவாதத்துக்கு முந்தியே சரியான இடத்தில் விரல் வைத்திருந்தார்கள்.

விரல் வைத்த இடத்தில் அளவு வைக்கவில்லை என்பது குறை. ‘நியாயமான’ என்றால் எவ்வளவு என்று சட்டம் சொல்லவில்லை. விதிகள் மூலம் அதை நிரப்பும் அதிகாரம் மத்திய அரசுக்குத் தரப்பட்டிருந்தும், முட்டைக்கோழி விஷயத்தில் அந்த இடம் அறுபது ஆண்டுகளுக்கு மேல் காலியாகவே கிடந்தது. தண்டனைப் பகுதி இன்னும் பலவீனம். முதல் குற்றத்துக்கு 10 ரூபாய்க்குக் குறையாத, 50 ரூபாய்க்கு மிகாத அபராதம். இன்றைய விலைக்கு 50 ரூபாயில் ஒரு டஜன் முட்டைகூட வாங்க முடியாது. போதாக்குறைக்கு, கூண்டுக் குற்றத்தைக் காவல்துறை தானாகக் கையில் எடுக்கக்கூடிய குற்றங்களின் பட்டியலில் சட்டம் சேர்க்கவில்லை. குற்றம் நிகழ்ந்து மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடுக்காவிட்டால் வழக்கே இல்லை. நோக்கத்தில் தாராளம் காட்டிய பிரதி, நடைமுறையில் தன் கைகளைத் தானே கட்டிக்கொண்டுவிட்டது.

இந்தச் சட்டத்துக்கு உச்சநீதிமன்றம் தந்த மிக உயர்ந்த வாசிப்பு, தமிழ் வாசகர்கள் நன்கறிந்த நாகராஜா வழக்கின் தீர்ப்பு (2014 மே 7). ஜல்லிக்கட்டைத் தடைசெய்த தீர்ப்பு என்று மட்டுமே அது நம் நினைவில் நிற்கிறது. அதன் கோட்பாட்டு லட்சியம் அதைவிடப் பெரியது. 3, 11ஆம் பிரிவுகளுக்குள் ஐந்து சுதந்திரங்களையும் பொருத்தி வாசித்தது. அரசியல்சாசனத்தின் 51ஏ பிரிவு சொல்லும் உயிரிரக்கக் கடமையை விலங்கின் பக்கமிருந்து ஓர் உரிமையாகப் பார்த்தது. இவ்வளவும் உண்மையான சாதனை. ஆனால், உணவுக்காகக் கொல்வது முதலான செயல்களுக்கு 11ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு தரும் விலக்குகளை ‘தேவை’ என்ற கோட்பாட்டின் பெயரால் தீர்ப்பு ஏற்றுக்கொண்டு நகர்ந்துவிடுகிறது. அந்தத் தேவையின் எல்லை எது, கொல்வதற்கு முந்தைய ஒன்றரை ஆண்டு வாழ்க்கைக்கும் அந்த விலக்கு நீளுமா என்ற கேள்விகளுக்குள் அது போகவில்லை. வழக்கு காளையைப் பற்றியது, கோழியைப் பற்றியதல்ல என்று சமாதானம் சொல்லலாம். அத்தனை அகலமாகக் கோட்பாட்டை விரித்த நீதிமன்றத்துக்கு, நாட்டில் மிகப் பெரும் எண்ணிக்கையில் அடைபட்டிருக்கும் விலங்கு கண்ணில் படாமல் போனதை அந்தச் சமாதானம் முழுமையாக மறைக்காது. 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் தமிழகத்தின் திருத்தச் சட்டத்தை ஏற்றபோது, விலங்குகளுக்கு அடிப்படை உரிமை உண்டு என்பதற்கு முன்னுதாரணம் இல்லை என்றது. உயரமாகக் கட்டிய மாடம் சுருங்கியது. கூண்டுக் கோழிக்கு அதனால் கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை.

தமிழ்ப் பொதுவெளியின் கவனப் பகிர்வும் இங்கே குறிப்பிடத்தக்கது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினா நிரம்பியது. அதே ஆண்டு ஜூலையில் இந்தியச் சட்ட ஆணையம் முட்டைக்கோழி, இறைச்சிக்கோழி பற்றிய தன் 269ஆவது அறிக்கையை வெளியிட்டபோது, நாட்டின் முட்டைத் தலைநகர்களில் ஒன்றான நாமக்கல்லைத் தன்னுள் கொண்டிருக்கும் மாநிலத்தில் அதைப் பற்றிப் பேச ஆளில்லை. காளைக்காகவும் காளைக்கு எதிராகவும் அவ்வளவு நுட்பமாக வாதாடத் தெரிந்த சமூகத்துக்கு இந்த மௌனம் பொருந்தவில்லை.

நாமக்கல் பக்கத்து ஷெட் ஒன்றுக்குள் போனவர்களுக்குச் சட்ட வாசகத்தின் எடை உடனே புரியும். படிக்கட்டுபோல ஏறிச்செல்லும் கம்பிக் கூண்டு வரிசைகள். கூண்டுக்கு மூன்று, நான்கு, சில இடங்களில் ஐந்து கோழிகள். தரை என்பது முன்பக்கம் சரிந்த கம்பி வலை. இட்ட முட்டை காலுக்கடியிலேயே உருண்டு வெளித் தட்டுக்கு வந்துவிடும். தீவனத் தொட்டி கூண்டுக்கு வெளியே. கழுத்தைக் கம்பிக்கு இடையில் நீட்டித்தான் கொத்த முடியும், அதனால் கழுத்தின் அடிப்பக்கத்தில் இறகு தேய்ந்து தோல் தெரியும். நடுவில் நிற்கும் கோழி திரும்ப வேண்டுமானால் பக்கத்துக் கோழியின் மேலேறித்தான் திரும்பும். 16 வார வாக்கில் கூண்டேறும் கோழி, எண்பது வாரத்தை ஒட்டிக் கழிவுக்கோழியாக இறங்கும்வரை மண்ணைக் கிளறுவதில்லை, இறக்கையை முழுதாக விரிப்பதில்லை. இந்த ஷெட்டை நடத்தும் பண்ணைக்காரர் கொடியவர் அல்லர். தீவனமும் தடுப்பூசியும் நேரம் தவறாமல் தருகிறார், ஒரு கோழி சுருண்டு நின்றால் முதலில் கவலைப்படுபவரும் அவர்தான். கொடுமை கூண்டின் வடிவமைப்பிலேயே இருக்கிறது. தனிமனிதனின் வன்மத்தைத் தேடிப் பழகிய மிருகவதைச் சட்டம் தடுமாறுவது இங்கேதான்.

இதே தடுமாற்றத்தை ஜெர்மானிய நீதிமன்றம் எதிர்கொண்ட விதம் பாடநூலுக்குரியது.

1987இல் ஜெர்மன் அரசு வகுத்த முட்டைக்கோழி ஆணை, ஒரு கோழிக்கு 450 சதுர செ.மீ. தரையும், தீவனத் தொட்டியில் 10 செ.மீ. அகலமும் போதும் என்றது. அன்றைய ஐரோப்பிய நெறிமுறை கேட்ட குறைந்தபட்சமும் அதே 450தான். நார்த் ரைன்–வெஸ்ட்பேலியா மாநில அரசு இதை எதிர்த்துக் கார்ல்ஸ்ரூஹேயிலுள்ள அரசியல்சாசன நீதிமன்றத்துக்குப் போனது. தீர்ப்பு வந்தது 1999 ஜூலை 6 அன்று. கோழிக்கு உணர்வு எவ்வளவு, அதற்கு உரிமை உண்டா என்ற பெரிய கேள்விகளை நீதிமன்றம் தொடவே இல்லை. மூலச் சட்டமான விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவை எடுத்தது: விலங்கை வைத்திருப்பவர் அதன் இனத்துக்கும் தேவைக்கும் ஏற்ற உணவும் பராமரிப்பும் தர வேண்டும், அதன் நடத்தைக்கு ஏற்ற இருப்பிடம் தர வேண்டும். பிறகு கோழியின் அளவை எடுத்தது. இலகு ரக முட்டைக்கோழி ஓய்ந்து படுத்திருக்கும்போது அதன் உடம்பு 47.6 செ.மீ. நீளம், 14.5 செ.மீ. அகலம். பெருக்கினால் 690 சதுர செ.மீ. தொடும். ஆணை தந்ததோ 450. அப்படியானால் ஒரே கூண்டிலுள்ள கோழிகள் ஒருசேரத் தடங்கலின்றித் தூங்க முடியாது. அடுத்து தொட்டி: கோழிகள் கூட்டமாகச் சேர்ந்து தின்னும் இயல்புள்ளவை, நான்கு கோழிக்கு ஆணைப்படி 40 செ.மீ., நான்கு உடம்பு அடுத்தடுத்து நிற்க 58 செ.மீ. வேண்டும். எனவே ஒன்றாகத் தின்னவும் முடியாது. தூக்கமும் உணவும் அடிப்படைத் தேவைகள், ஆணை மூலச் சட்டத்தை மீறுகிறது, ஆகவே செல்லாது.

இந்தத் தீர்ப்பின் முறையியல்தான் அதன் பெருமை. உரிச்சொல்லாக நின்ற கடமையை அது எண்ணாக மாற்றியது. அந்த எண்ணைத் தொழிலின் வழக்கத்திலிருந்து கடன் வாங்காமல் கோழியின் உடம்பிலிருந்து பெற்றது. ஒரு முழக்கோலும் ஒரு கோழியும் இருந்தால் எவரும் சரிபார்க்கக்கூடிய வாதம். மறுக்க விரும்புகிறவர் நீதிபதியின் இரக்கத்தை மறுத்துப் பயனில்லை. அளவை மறுக்க வேண்டும். உயிர்நேயம் பற்றி ஒரு வரிகூட உரத்துப் பேசாமல், உரத்துப் பேசிய பல தீர்ப்புகளைவிட அதிகக் கோழிகளுக்கு அது இடம் பெற்றுத்தந்தது.

குறையும் உண்டு, அதுவும் முறையியலின் குறைதான். தூக்கத்தையும் தீனியையும் வைத்தே ஆணை வீழ்ந்துவிட்டதால், கிளறுவது, மறைவாக முட்டையிடுவது, மண் குளியல், உயரத்தில் தொற்றி அமர்வது ஆகிய தேவைகள் உரிய அளவு நிறைவேறுகின்றனவா என்பதைத் தீர்மானிக்க வேண்டியதில்லை என்று நீதிமன்றம் ஒதுக்கிவிட்டது. சட்டச் சிக்கனம் என்ற முறையில் இது ஒழுங்கானது. விளைவு என்னவென்றால், முழக்கோலுக்குள் அடங்கும் தேவைகள் காக்கப்பட்டன. அடங்காதவை மறுபடியும் அரசின் விருப்பத்துக்கு விடப்பட்டன. 2002இல் ஜெர்மனி தன் அரசியல்சாசனத்தின் 20ஏ பிரிவில் விலங்குகளைச் சேர்த்தது. 2006இல் அரசு ‘சிறுகுழுக் கூண்டு’ என்று கோழிக்கு 800 சதுர செ.மீ. தரும் புதிய வடிவத்தை அனுமதித்தது. எண் நீதிமன்றத்தின் 690ஐத் தாண்டிவிட்டது, கூண்டு கூண்டாகவே இருந்தது. அதையும் 2010 அக்டோபரில் அதே நீதிமன்றம் வீழ்த்தியது; இம்முறை காரணம் நடைமுறை. விலங்குப் பாதுகாப்பு ஆணையத்தின் கருத்தை, முடிவெடுத்த பிறகு பெயருக்குக் கேட்டிருந்தது அரசு. நிபுணர் குழுவைக் கலந்தாலோசிப்பது சடங்கல்ல என்று நீதிமன்றம் நிலைநாட்டியதில் எனக்குத் தனி மரியாதை உண்டு. நம் ஊரில் கருத்துக் கேட்பு எப்படி நடக்கிறது என்று அறிந்த எவருக்கும் இருக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நெறிமுறை, ஜெர்மன் தீர்ப்புக்கு இரண்டே வாரம் கழித்து, 1999 ஜூலை 19 அன்று வந்தது. பழைய வெறுங்கூண்டுகளில் 2003 முதல் கோழிக்கு 550 சதுர செ.மீ.; 2012 ஜனவரி 1 முதல் அந்தக் கூண்டே கூடாது; அதன்பின் கூண்டு வேண்டுமானால் 750 சதுர செ.மீ., முட்டையிட மறைவிடம், தொற்றி அமரக் கழி, கிளறப் பொருள். பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் அவகாசம் கொடுத்தும் தேதி வந்தபோது 13 உறுப்பு நாடுகள் தயாராக இல்லை. இத்தாலியும் கிரேக்கமும் ஐரோப்பிய நீதிமன்றம்வரை போய்த் தோற்றன. ஆனாலும் தேதி தேதியாகவே நின்றது. முட்டை ஓட்டில் வளர்ப்புமுறையின் எண்ணை அச்சிட வைத்தது இதனினும் கூர்மையான நடவடிக்கை. ஜெர்மனியில் பேரங்காடிகள் ‘3’ என்று முத்திரை பெற்ற கூண்டு முட்டையைத் தட்டிலிருந்து எடுத்ததற்கு அந்த ஒற்றை எண்தான் வழிசெய்தது. மறுபக்கம், வெளிநாட்டுக் கூண்டுப் பண்ணைகளிலிருந்து தூளாகவும் குழம்பாகவும் வரும் முட்டைக்கு அந்த நெறிமுறை பொருந்தவில்லை. உள்ளூர் விவசாயி செலவு செய்தார், போட்டியாளர் தப்பினார். மிச்சமிருக்கும் கூண்டுகளையும் ஒழிக்கக் கோரி ஏறக்குறைய 14 லட்சம் குடிமக்கள் கையெழுத்திட, 2023 முடிவதற்குள் சட்ட முன்மொழிவு தருவதாக 2021இல் ஐரோப்பிய ஆணையம் உறுதியளித்தது. அந்தக் கெடு முன்மொழிவில்லாமல் கடந்துபோனது.

கலிபோர்னியா இந்த இடத்தில் ஒரு துணைச் சான்று. 2008இல் அங்கு மக்கள் வாக்கெடுப்பில் வந்த சட்டம், விலங்கு திரும்பவும் படுக்கவும் கைகால் நீட்டவும் முடிய வேண்டும் என்று நடத்தையை மட்டும் சொல்லி அளவைச் சொல்லாமல் விட்டது. எவ்வளவு இடம் என்பதே தகராறானது. 2018இல் வந்த அடுத்த சட்டம் எண்களையும் கூண்டில்லா வளர்ப்பையும் எழுதியது, வெளியிலிருந்து வந்து விற்கப்படும் பொருளுக்கும் அதையே விதித்தது. 2023இல் அமெரிக்க உச்சநீதிமன்றத்தில் பன்றி வளர்ப்போர் அமைப்பு தொடுத்த வழக்கில் அது ஒரு வாக்கு வித்தியாசத்தில் தப்பியது.

இந்த வரலாறு கையில் இருக்க, இந்தியா என்ன எழுதியது? இந்திய விலங்குநல வாரியம் 2010களின் தொடக்கத்திலேயே, பேட்டரிக் கூண்டு 11ஆம் பிரிவை மீறுகிறது என்று மாநிலங்களுக்கு அறிவுறுத்தியிருந்தது. அறிவுரைக்குச் சட்ட வலு இல்லை; கூண்டுகள் பெருகின. சட்ட ஆணையத்தின் 2017 அறிக்கை துணிவானது. நெருக்கடியான அடைப்பையும், நோயில்லாத கோழிக்கும் மருந்தூட்டும் வழக்கத்தையும், அதனால் மனிதருக்கு மருந்து பலிக்காமல் போகும் ஆபத்தையும் ஒரே சங்கிலியாகக் காட்டியது. முட்டைக்கோழிக்கும் இறைச்சிக்கோழிக்கும் தனித்தனி வரைவு விதிகளை இணைத்துத் தந்தது. மனித நலத்தைச் சாய்மானமாக வைத்துக்கொண்ட அளவுக்குக் கோழியின் உடம்பிலிருந்து வாதத்தைக் கட்டவில்லை என்பது என் மனக்குறை. ஆயினும் திசை சரி.

2023இன் முட்டைக்கோழி விதிகள் அந்தத் திசையிலிருந்து விலகியவை. நிறையை முதலில் சொல்லிவிடலாம்: ஓர் எண் வந்துவிட்டது. பண்ணைக்குப் போகும் அதிகாரி இனி டேப்பை விரித்து அளக்கலாம். அறிவுரைகளின் காலத்தோடு ஒப்பிட இது முன்னேற்றம். ஆனால் அந்த எண் 550 சதுர செ.மீ. ஒரு ஏ4 தாளின் பரப்பைவிடக் குறைவு. ஐரோப்பா இதே எண்ணைப் பழைய கூண்டுகளுக்கு ஒன்பது ஆண்டுக்கான தற்காலிகச் சலுகையாக ஏற்று 2012இல் மூடியது. நாம் அதைத் தரமாக எடுத்துக்கொண்டோம். கார்ல்ஸ்ரூஹே அளவின்படி, ஒரு கோழி படுக்கவே இன்னும் 140 சதுர செ.மீ. வேண்டும். அந்த அளவு இலகு ரகத்துக்கானது. நாமக்கல்லில் பரவலாக வளரும் பிவி–300 வெள்ளைக் கோழியும் இலகு ரகமே. நம் கோழி சற்றுச் சிறியது என்று வாதிடுவோர் அளந்து காட்டட்டும், ஏற்கத் தயார். அப்போது வெயிலையும் அவர்கள் கணக்கில் எடுக்க வேண்டும். சித்திரை வெக்கையில் கோழி வாயைத் திறந்து மூச்சிரைத்து, இறக்கைகளை உடம்பிலிருந்து விலக்கித் தூக்கி நிற்கும். உடம்புச் சூட்டை இறக்க அது கையாளும் வழி அது. ஜெர்மனியில் போதுமான பரப்பு கொங்கு நாட்டில் போதாமல் போகலாமே ஒழிய மிஞ்சாது.

பண்ணையாளர்களின் மறுப்பு எடுத்தெறியத்தக்கது அல்ல. மக்காச்சோளமும் சோயாவும் ஏறும்போது விலை நிர்ணயம் அவர்கள் கையில் இல்லை. கூண்டுகள் வங்கிக் கடனில் வாங்கியவை. கூண்டில்லா வளர்ப்பில் கோழிகள் ஒன்றையொன்று கொத்துவதும், மார்பெலும்பு முறிவும், எச்சத்தோடு புழங்குவதால் வரும் நோயும் உண்மையான பிரச்சினைகள். கூண்டைத் திறந்துவிட்டால் நலம் தானாக வந்துவிடும் என்று எழுதுவோர் பண்ணையைப் பார்த்ததில்லை. இவை அவகாசத்துக்கும் உதவிக்கும் பயிற்சிக்கும் நல்ல வாதங்கள். 550 என்ற எண்ணுக்கு இவற்றில் எதுவும் நியாயம் ஆகாது. செலவுதான் இடர்ப்பாடு என்றால் அதைப் பகிர்ந்துகொள்ளும் நிலையில் முதலாவதாக இருப்பது மாநில அரசு. சத்துணவு மையங்களுக்குப் போகும் முட்டைக்கு டெண்டர் விடுவது அரசுதான்; எடைக்கும் தரத்துக்கும் நிபந்தனை எழுதும் அந்த ஆவணத்தில் வளர்ப்பு இடத்துக்கும் ஒரு நிபந்தனை எழுதி, அதற்குரிய விலையைத் தருவதற்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை.

என் தீர்ப்பு இது: 2023 விதிகள், எண் இல்லாத சட்டத்தைவிட நடைமுறையில் ஒரு படி மேல், கோட்பாட்டில் ஒரு படி கீழ். 1960இன் வாசகம் மௌனமாக இருந்தவரை, பேட்டரிக் கூண்டு அடியோடு சட்டவிரோதம் என்று வாதிட இடமிருந்தது, வாரியமே அப்படித்தான் வாதிட்டது. விதிகள் அந்த மௌனத்தைக் கூண்டுக்குச் சாதகமாக உடைத்து, இதுவரை பழக்கமாக மட்டும் இருந்ததற்கு அங்கீகாரம் தந்துவிட்டன. ஆனால் மூலச் சட்டம் மாறவில்லை. ‘நடமாட்டத்துக்கு நியாயமான வாய்ப்பு’ என்ற சொற்கள் 11ஆம் பிரிவில் அப்படியே இருக்கின்றன. துணை விதி மூலச் சட்டத்துக்குக் கீழ்ப்பட்டது என்பது இந்தியாவிலும் நிலைத்த நெறி. ஜெர்மன் ஆணையை வீழ்த்திய தர்க்கம் இதுவேதான். அங்கே அந்தக் கதவைத் தட்ட ஒரு மாநில அரசு வர வேண்டியிருந்தது. இங்கே பொதுநல மனுவோடு எந்தக் குடிமகனும் உயர்நீதிமன்றம் போகலாம். அந்த மனுவில் ஐந்து சுதந்திரங்களுக்கும் கண்ணியத்துக்கும் ஒரு பத்தி போதும். மற்றப் பக்கங்களில், படுத்த நிலையிலும், தீனி எடுக்கும் நிலையிலும், சித்திரையில் இறக்கை தூக்கி நிற்கும் நிலையிலும் எடுத்த நாமக்கல் கோழியின் நீள அகலங்கள் கால்நடை மருத்துவரின் கையெழுத்தோடு இருக்க வேண்டும்.